விஜயநாராயணத்தின் அலையை டர்பனில் பிடிப்பது: அயனி மண்டலத்தை வீட்டிலிருந்தே ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டின் பின்னறையில் சுவரோரமாக ஒரு மரச்சட்டம் நிற்கிறது. பக்கத்துக்கு ஒரு மீட்டர் நீளமுள்ள சதுரம். அதன்மேல் ஐம்பது சுற்றுச் செம்புக் கம்பி. அதன் இரு முனைகளும் ஒரு சிறிய பெருக்கிக்கும், அங்கிருந்து பழைய மடிக்கணினி ஒன்றுக்கும் போகின்றன. திரையில் 18.2 கிலோஹெர்ட்ஸ் என்ற இடத்தில் ஒரு பட்டை தெரியும். அது திருநெல்வேலிச் சீமையில், விஜயநாராயணத்தில் நிற்கும் கோபுரங்களிலிருந்து வருகிறது. நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவதற்காக இந்தியக் கடற்படை 1990இல் அங்கே தொடங்கிய நிலையத்துக்குக் கட்டபொம்மன் என்றே பெயர். வானொலி ஆர்வலர்கள் அதை வி.டி.எக்ஸ். என்ற அழைப்புக்குறியால் அறிவார்கள்.

அங்கிருந்து டர்பனுக்கு ஏறத்தாழ 6,500 கிலோமீட்டர். அலை நேர்கோட்டில் வருவதில்லை. கீழே கடல், மேலே, சூரியக் கதிரால் மின்னேற்றம் பெற்ற மேல்வளியான அயனி மண்டலத்தின் அடித்தளம், இரண்டுக்கும் நடுவே ஒரு குழாய்க்குள் தண்ணீர் போவதுபோல வருகிறது. மேற்கூரை ஏறினாலும் இறங்கினாலும் இங்கே பதிவாகும் வலிமை மாறும். செய்தி மறைகுறியில் இருக்கிறது. அதைப் படிக்க நமக்கு வேலையும் இல்லை, உரிமையும் இல்லை. அலையின் வலிமையை மட்டும் அளக்கிறோம். அந்த ஒன்றே அயனி மண்டலத்தைப் பற்றி ஒரு நூலளவு சொல்லும்.

விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. பொறுமையும், மின்னிரைச்சல் குறைந்த ஓர் இடமும், சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் வேண்டும். மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சூரியன் வெடிக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறார்களே தவிர, வெடிக்காத நாளைப் பார்ப்பதில்லை.

எதை அளக்கிறோம்?

தரையிலிருந்து சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரம் வரை உள்ளது அயனி மண்டலத்தின் டி அடுக்கு. அதற்கு மேல் 150 கிலோமீட்டர் வரை இ அடுக்கு, அதற்கும் மேல் எஃப் அடுக்கு. சூரியனின் புறஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் காற்றணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுப்பதால் இவை உருவாகின்றன. டி அடுக்கு ஆராய்ச்சியாளர்களுக்குத் தொல்லை தரும் உயரத்தில் இருக்கிறது. பலூன் அவ்வளவு மேலே போகாது, செயற்கைக்கோள் அவ்வளவு கீழே நிலைக்காது. ராக்கெட் சில நிமிடம் கடந்துபோகும், அவ்வளவுதான். அதனால்தான் 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகள் இவ்வளவு மதிப்புப் பெறுகின்றன. அவை டி அடுக்கின் அடியில் பட்டுத்தான் திரும்புகின்றன. பகலில் அந்தத் திரும்பும் உயரம் 70 கிலோமீட்டரை ஒட்டியும், இரவில் 85 முதல் 90 கிலோமீட்டர் வரையும் இருக்கும்.

முதல் படி: உங்கள் வீட்டை அமைதிப்படுத்துங்கள்

கம்பி சுற்றுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். இந்த நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளான 100, 150, 200 என்று ஒவ்வொரு படியிலும் ஒரு ரீங்காரம் இருக்கும். அது பல கிலோஹெர்ட்ஸ் வரை நீளும். கைபேசி மின்னேற்றி, எல்.இ.டி. விளக்கு, தொலைக்காட்சி, சூரிய மின்தகட்டின் இன்வெர்ட்டர் ஆகியவை அதைவிட மோசம். ஏனென்றால் அவற்றின் இரைச்சல் நாம் தேடும் அதிர்வெண்ணிலேயே விழும். நான் முதல் மூன்று வாரப் பதிவையும் இழந்தேன். சட்டத்துக்கு இரண்டடி தள்ளி ஒரு மின்னேற்றி செருகியிருந்தது. அதைக் கழற்றிய பிறகுதான் திரையில் நிலையங்களே தெரிந்தன.

2022, 2023 ஆண்டுகளின் நீண்ட மின்வெட்டுகளை நாம் யாரும் மறக்கவில்லை. அந்த இருட்டில் நான் கண்டது இது: மின்கலத்தில் ஓடும் மடிக்கணினியில் திரை திடீரெனத் தெளிந்தது, அதுவரை இரைச்சலில் புதைந்து கிடந்த நிலையங்கள் மேலே வந்தன. இப்போதும் உங்கள் தெருவில் மின்சாரம் நின்றால் அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். எந்த இரைச்சல் உங்கள் வீட்டினுடையது, எது அண்டைவீட்டு இன்வெர்ட்டருடையது என்று பிரித்தறிய அதைவிட நல்ல நேரம் கிடையாது. மின்வெட்டு இல்லாத நாளில் முதன்மை மின்விசையை ஐந்து நிமிடம் அணைத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு கருவியாகப் போட்டுப் பாருங்கள்.

இந்தத் தொல்லை புதிதும் அல்ல. தென்னாப்பிரிக்காவின் காந்தப்புல ஆய்வகம் 1932இல் கேப் டவுனில் தொடங்கியது. அங்கே ரயில்கள் மின்மயமானதும் அளவீடுகள் கெட்டன. 1941இல் ஆய்வகம் ஹெர்மானஸுக்கு இடம்பெயர்ந்தது. ரயில் பாதை எட்டாத ஊர் என்பதே அதற்குப் பெரிய தகுதி. இன்று அது தென்னாப்பிரிக்க தேசிய விண்வெளி முகமையின் விண்வெளி அறிவியல் மையம்.

இரண்டாம் படி: சட்டமும் கம்பியும்

18.2 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் பதினாறரைக் கிலோமீட்டர். அதற்கேற்ற முழு ஆன்டெனாவை யாரும் வீட்டில் கட்ட முடியாது. கம்பிச்சுருள் அலையின் காந்தப்பகுதியைப் பிடிக்கிறது. சுற்றுகளின் எண்ணிக்கையும் பரப்பும் கூடக் கூடக் கிடைக்கும் மின்னழுத்தம் கூடும். ஒரு மீட்டர் பக்கமுள்ள சட்டத்தில் ஐம்பது சுற்றுக்கு 200 மீட்டர் எனாமல் பூசிய செம்புக் கம்பி தேவை, 0.4 மில்லிமீட்டர் தடிமன் போதும். சட்டம் மரமாகவோ பிளாஸ்டிக் குழாயாகவோ இருக்கட்டும், உலோகம் வேண்டாம்.

திசை வைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சுருளின் தளம் நிலையத்தை நோக்கி இருக்க வேண்டும். அதாவது சட்டத்தின் விளிம்பு நிலையத்தைச் சுட்ட வேண்டும், முகம் அல்ல. டர்பனிலிருந்து விஜயநாராயணம் உண்மை வடக்கிலிருந்து கிழக்காக 57 பாகையில் இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் அருகே, 19.8 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் என்.டபிள்யூ.சி. நிலையம் 106 பாகையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே 80 பாகை அளவில் சட்டத்தை நிறுத்தினால் ஒவ்வொன்றும் பத்தில் ஒன்பது பங்கு வலிமையோடு கிடைக்கும். ஆனால் காம்பஸை அப்படியே நம்பிவிடாதீர்கள். டர்பனில் ஊசி உண்மை வடக்கிலிருந்து ஏறத்தாழ 25 பாகை மேற்கே விலகி நிற்கிறது. ஆகவே காம்பஸில் 105 என்று காட்டும் திசையே நமக்கு வேண்டிய 80.

மூன்றாம் படி: பெருக்கி, ஒலியட்டை, மென்பொருள்

சுருளிலிருந்து கிடைப்பது வோல்ட்டின் மில்லியனில் சில பங்குதான். இரைச்சல் குறைந்த ஆப்-ஆம்ப் எனப்படும் பெருக்கிச் சில்லு ஒன்றை வைத்து இரண்டு கட்டமாக ஆயிரம் மடங்கு பெருக்குங்கள். ஒன்பது வோல்ட் மின்கலம் போதும், சுவர் மின்சாரம் வேண்டாம். பெருக்கியைச் சட்டத்தின் அடியிலேயே வைத்து, கணினிக்குக் கவசக் கம்பி இழுங்கள்.

கணினியின் ஒலியட்டைதான் நம் வானொலி. வினாடிக்கு 48,000 முறை மாதிரி எடுக்கும் அட்டை 24 கிலோஹெர்ட்ஸ் வரை பார்க்கும். அதற்குள் விஜயநாராயணமும் எக்ஸ்மவுத்தும், ஜெர்மனியின் 23.4 கிலோஹெர்ட்ஸ் நிலையமும் அடங்கிவிடும். 96,000 மாதிரி எடுக்கும் அட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. ஸ்பெக்ட்ரம் லேப் என்ற இலவச மென்பொருள், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலிமை என்று காட்டும் அலைமாலையைத் தொடர்ந்து வரையவும், குறிப்பிட்ட அதிர்வெண்ணின் வலிமையைக் கோப்பில் எழுதவும் உதவும். ஐந்து வினாடிக்கு ஒரு மதிப்பு எடுத்தால் போதும். நேரத்தை எப்போதும் உலகப் பொதுநேரத்தில் எழுதுங்கள். நம் கடிகாரம் அதைவிட இரண்டு மணி முன்னே இருக்கிறது. ஆறு மாதம் கழித்துப் பிறர் அளவீட்டோடு ஒப்பிடும்போது இந்த ஒரு பழக்கம் உங்களைக் காப்பாற்றும்.

முதலில் எக்ஸ்மவுத்தைத் தேடுங்கள். அது ஒரு மெகாவாட் ஆற்றலுள்ள நிலையம். 8,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் உறுதியாக வரும். விஜயநாராயணம் வரும், போகும். அது இல்லாத நாளில் உங்கள் கருவியைக் குறை சொல்லாதீர்கள்.

எங்கள் தெருவில் ஆயா என்று எல்லோரும் அழைக்கும் ஒரு மூதாட்டி இருக்கிறார். அவருடைய பாட்டனார் கரும்புத் தோட்டத்து வேலைக்குக் கப்பலேறி வந்தவர்; எந்த ஊரிலிருந்து என்று குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. திரையில் இருந்த பட்டையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது அங்கிருந்து வருவதற்கு எத்தனை நாள் ஆகும், தம்பி?" என்று கேட்டார். ஒரு வினாடியின் நாற்பத்தைந்தில் ஒரு பங்கு என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாளும் வந்து பார்த்தார்.

நான்காம் படி: சாதாரண நாளைக் கற்றுக்கொள்ளுங்கள்

இதற்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். அவசரப்பட்டால் பின்னால் பார்ப்பது எதையும் நம்ப முடியாது.

பகலில் கோடு அமைதியாக, மெல்லிய வளைவாகப் போகும். இரவில் மேலே எழுந்து அலைக்கழியும். இரண்டுக்கும் இடையே, விடியலிலும் அந்தியிலும், ஆழமான பள்ளங்கள் விழும். ஒளிக்கும் இருளுக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோடு பாதையின் குறுக்கே நகரும்போது, குழாயின் ஒரு பகுதி தாழ்ந்தும் மறுபகுதி உயர்ந்தும் இருக்கிறது. அந்தப் படிக்கட்டில் அலை பல வடிவங்களாகப் பிரிந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால்தான் பள்ளம். எக்ஸ்மவுத்தில் விடிந்து ஐந்தரை மணி கழித்தே டர்பனில் விடிகிறது; விஜயநாராயணத்துக்கும் நமக்கும் அந்த வித்தியாசம் மூன்று மணி அளவு. பருவத்துக்குப் பருவம் இது மாறும். பள்ளங்கள் விழும் நிமிடத்தை நாள்தோறும் ஒரு நோட்டில் குறித்து வந்தால், டிசம்பரிலிருந்து ஜூன் வரை அவை மெல்ல நகர்வதைக் காண்பீர்கள். சூரியன் வடக்கும் தெற்கும் போய்வருவது உங்கள் கையெழுத்தில் பதிவாகும்.

ஒவ்வொரு நாளின் கோட்டையும் முந்தைய பத்து அமைதியான நாள்களின் சராசரிமேல் வைத்துப் பாருங்கள். நிலையம் பராமரிப்புக்காக நின்றால் கோடு வெட்டியது போல் செங்குத்தாகத் தரையில் விழும். அது அயனி மண்டலம் அல்ல. அருகில் இடி இறங்கினால் ஊசி ஊசியாகக் குத்தும், அதுவும் அல்ல. இவற்றைக் கண்ணாலேயே பிரித்தறியும் நாள் வரும். அதன் பிறகு உங்களுக்கு வழிகாட்டி தேவைப்படாது.

ஐந்தாம் படி: சூரிய வெடிப்பைப் பிடித்தல்

வெடிப்பின் எக்ஸ் கதிர் ஒளியின் வேகத்தில் வந்து டி அடுக்கின் அடியில் எலக்ட்ரான்களைக் குவிக்கிறது. கூரை சில கிலோமீட்டர் இறங்கிவிடும். திரையில் கோடு சில நிமிடங்களில் செங்குத்தாக ஏறி, அரை மணி முதல் இரண்டு மணி வரை எடுத்துக்கொண்டு மெதுவாகச் சரியும். ஒரு பக்கம் நிமிர்ந்தும் மறுபக்கம் சாய்ந்தும் உள்ள மணற்குன்று போன்ற வடிவம் அது. சில பாதைகளில் ஏறுவதற்குப் பதிலாக இறங்கவும் செய்யும். இரண்டும் சரியே.

பாதை முழுவதும் வெயிலில் இருக்கும் நேரத்தில்தான் இது தெளிவாகத் தெரியும். எக்ஸ்மவுத் பாதைக்கு நம் கடிகாரத்தில் காலை ஏழு முதல் நண்பகல் வரை. விஜயநாராயணப் பாதைக்குப் பிற்பகல் இரண்டரை வரை. உங்கள் பதிவை, சூரியனைக் கண்காணிக்கும் அமெரிக்காவின் கோஸ் செயற்கைக்கோள்களின் எக்ஸ் கதிர் வரைபடத்தோடு நிமிடத்துக்கு நிமிடம் ஒப்பிடுங்கள். நடுத்தர வலிமையுள்ள எம் வகுப்பு வெடிப்புகள் ஐயமின்றித் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இரைச்சலைக் குறைக்கும் முதல் படிக்குத் திரும்புங்கள்.

ஆறாம் படி: காதால் கேட்கும் அயனி மண்டலம்

இதுவரை சொன்னது மனிதன் அனுப்பிய அலை. இயற்கை அனுப்புவதைக் கேட்க நகரத்தை விட்டு வெளியேற வேண்டும். எனக்கு இந்தப் பகுதிதான் நெஞ்சுக்கு நெருக்கம்.

தனியான ஒரு கருவி தேவை. ஒன்றரை மீட்டர் நிமிர்ந்த கம்பி, அதனடியில் பத்து மெகாஓம் உள்தடையுள்ள ஜே-ஃபெட் டிரான்சிஸ்டர், ஒரு வடிகட்டி, சிறு பெருக்கி, காதொலிப்பான், பதிவுக்கருவி. எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடங்கும். டின்னிலிருந்து ஒரு கம்பியை ஈர மண்ணில் ஊன்றிய ஆணியோடு இணையுங்கள். அலைகள் ஏற்கெனவே காது கேட்கும் அதிர்வெண்ணில்தான் இருக்கின்றன. மாற்ற வேண்டியதில்லை, பெருக்கினால் போதும்.

இடம்: டர்பனிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போனால் டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் அண்டர்பர்க் பக்கம் நல்ல வெளிகள் இருக்கின்றன. மின்கம்பி வரிசையிலிருந்து ஒரு கிலோமீட்டராவது தள்ளி நில்லுங்கள். மரத்தடி வேண்டாம், இலைகள் அலையை விழுங்கும். வினாடிக்கு ஒரு முறை டிக், டிக் என்று ஒழுங்காகக் கேட்டால் அது பண்ணையின் மின்வேலி. இன்னும் தள்ளிப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி கேளுங்கள். அருகில் இடி இருக்கும்போது அந்தக் கம்பியைக் கையில் பிடிக்கவே கூடாது. நம் மாகாணத்தின் கோடை மழை பிற்பகலில் சொல்லாமல் வரும். வீட்டுச் சுருளையும் அப்போது கழற்றிவிடுங்கள்.

எப்போது? கோடைமழை ஓய்ந்த மே முதல் ஆகஸ்டு வரை, நள்ளிரவு கடந்து விடியும் வரை. முதலில் கேட்பது எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிவது போன்ற படபடப்பு. ஒவ்வொரு பொறியும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எங்கோ விழுந்த ஒரு மின்னல். இரவு ஏற ஏற அவற்றில் சிலவற்றுக்கு ஒரு வால் முளைக்கும்; தண்ணீர்ச் சொட்டு போல, பறவைக் குஞ்சின் குரல் போலக் கீச்சிடும். ஆங்கிலத்தில் இதை ட்வீக் என்பார்கள். இதிலிருந்து அயனி மண்டலத்தின் உயரத்தை நீங்களே கணக்கிடலாம். ஒலிப்பதிவை ஆடாசிட்டி மென்பொருளில் அலைமாலையாக விரித்துப் பாருங்கள். கீச்சொலியின் வால் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில், பெரும்பாலும் 1.7 கிலோஹெர்ட்ஸ் அருகே, கிடைக்கோடாக முடியும். ஒளிவேகத்தை அந்த அதிர்வெண்ணின் இரு மடங்கால் வகுத்தால் கூரையின் உயரம் வரும். 3,00,000ஐ 3,400ஆல் வகுத்தால் 88 கிலோமீட்டர். மலையடிவாரத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்த ஒருவர், ஒரு பிஸ்கட் டின்னை வைத்து, வானத்தின் அடித்தளத்தை அளந்துவிட்டார்.

பிறகு, பொறுமை இருந்தால், சீழ்க்கை. மேலே தொடங்கி ஒரு வினாடிக்கு மேல் நீண்டு கீழே இறங்கும் ஒலி அது. முதல் உலகப் போரில் எதிரியின் தொலைபேசியை ஒட்டுக்கேட்கப் போன ஜெர்மானிய அறிவியலாளர் பார்க்ஹவுசன் இதைக் கேட்டு 1919இல் எழுதினார். காரணத்தை 1953இல் விளக்கியவர் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த ஸ்டோரி. மின்னலின் அலையில் ஒரு பங்கு அயனி மண்டலத்தைத் துளைத்து மேலேறி, பூமியின் காந்தக் கோட்டைப் பற்றிக்கொண்டு மறு அரைக்கோளத்தில் இறங்குகிறது. வழியிலுள்ள பிளாஸ்மாவில், அதாவது மின்னேறிய வாயுவில், உயர் அதிர்வெண் விரைவாகவும் தாழ் அதிர்வெண் மெதுவாகவும் போகின்றன. பயண நேரம் அதிர்வெண்ணின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். மாறிலி 50 என்று வைத்துக்கொண்டால் 4,000 ஹெர்ட்ஸ் பகுதி 0.8 வினாடியிலும், 1,000 ஹெர்ட்ஸ் பகுதி 1.6 வினாடியிலும் வந்து சேரும். உங்கள் பதிவில் இரண்டு புள்ளிகளை அளந்து அந்த மாறிலியைக் கண்டுபிடித்தால், அலை கடந்துவந்த பிளாஸ்மாவின் அடர்த்தியைப் பற்றி ஒரு கைப்பிடி கிடைத்துவிடும்.

ஹங்கேரியின் திஹானியில் கேட்கும் சீழ்க்கைகளுக்குக் காந்தக் கோட்டின் மறுமுனை தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி இருக்கிறது. நம் கோடையில் இங்கே விழும் மின்னல் அங்கே சீழ்க்கையாக ஒலிக்கிறது. டர்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையும், அண்டார்க்டிகாவின் சானே தளத்தில் பதிவாகும் சீழ்க்கைகளையும் நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். டிராக்கன்ஸ்பர்கில் ஓர் இரவில் ஒன்றுகூடக் கேட்காமல் திரும்பலாம். நான் நான்கு முறை போய், ஐந்தாம் முறை கேட்டேன்.

ஏழாம் படி: மின்னோட்டங்கள்

பகல் வெயிலில் இ அடுக்குக் காற்று காந்தப்புலத்தின் குறுக்கே வீசும்போது, டைனமோவில் போல மின்னோட்டம் பிறக்கிறது. பூமிக்கு மேலே இப்படி ஓட்டம் இருக்க வேண்டும் என்று பால்ஃபர் ஸ்டூவர்ட் 1882லேயே ஊகித்தார். ஒவ்வோர் அரைக்கோளத்திலும் ஒரு பெரிய சுழி. தெற்கில் அது மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழல்கிறது. காந்த நடுக்கோட்டின் மேல், 105 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு குறுகிய பட்டையில் ஓட்டம் பல மடங்கு செறிந்து கிழக்கு நோக்கிப் பாய்கிறது. அந்தக் கோடு தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டிப் போவதால்தான் திருநெல்வேலியில் இதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் இயங்குகிறது.

இங்கே தரையின் காந்தப்புலத்தில் இந்த ஓட்டங்களின் சாயல் சில பத்து நானோடெஸ்லாதான்; காந்தப்புலத்தை அளக்கும் அலகு அது. நம் நிலத்தின் காந்தப்புலம் 25,000 நானோடெஸ்லாவுக்கு மேல். ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றத்தைத் தேடுகிறோம். ஆர்.எம். 3100 போன்ற மலிவான காந்த உணரி, நிமிடச் சராசரி எடுத்தால், இதற்குப் போதும். நீர்புகாத குழாயில் வைத்து ஒரு மீட்டர் ஆழத்தில் புதையுங்கள். வெப்பநிலை மாறினால் உணரி பொய் சொல்லும். கார் நிற்கும் இடத்திலிருந்து இருபது மீட்டராவது தள்ளியிருக்கட்டும். கிழக்கு மேற்காக ஆடும் கூறைக் கவனித்து, ஹெர்மானஸ், ஹார்ட்டபீஸ்ட்ஹூக் ஆய்வகங்கள், உலகக் காந்த ஆய்வகங்களின் வலையமைப்பான இன்டர்மேக்னெட் வழியாக வெளியிடும் தரவோடு ஒப்பிடுங்கள்.

மின்னல்களால் தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் நடுவே எழும் 7.83 ஹெர்ட்ஸ் ஷுமான் அதிர்வையும் பிடிக்கலாம் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். அதற்குப் பல ஆயிரம் சுற்றுள்ள சுருளும் மின்சாரமே இல்லாத நிலமும் வேண்டும். சாட்ஸ்வொர்த்தில் முயல வேண்டாம்.

ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 2030 நவம்பர் 25 காலையில் முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் நமீபியா, போட்ஸ்வானா வழியாக வந்து டர்பனைக் கடந்து இந்தியப் பெருங்கடலுக்குள் இறங்குகிறது. நம் இரண்டு பாதைகளும் அந்தக் கடலின் மேல்தான் வருகின்றன. நிழல் விழும் இடத்தில் டி அடுக்கு இரவை நோக்கி நழுவும், கூரை ஏறும், கோடு அசையும். எவ்வளவு அசைந்தது என்று சொல்ல, அதற்கு முந்தைய நவம்பர்களின் அமைதியான காலைகள் கையில் இருக்க வேண்டும். மரச்சட்டத்துக்கு நான்கு கட்டைகளும் ஒரு சுருள் கம்பியும் இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.